பூங்கோதை பிடித்த திருடன்

முதன்முதலாக அந்தச் சித்திரக்கதை இதழின் கந்தோருக்குள் நுழைந்தபோது என் கண்ணில் பட்டவை கொடியில் காய்ந்துகொண்டிருந்த பக்கங்கள்தான். கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் ஒற்றை அறை அது. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, துணி காயப்போடும் கவ்விகளால் சித்திரக்கதைப் பக்கங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றில் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கத்தினான், ஒரு பெண் தலையில் கைவைத்து அழுதாள், இரண்டு பேர் மரத்தின் பின்னால் நின்று குசுகுசுத்தார்கள். ஆனால் அவர்கள் வாயிலிருந்து கிளம்பிய பேச்சுப் பலூன்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கொண்டுவந்த படங்களை நீட்டுவதற்கு முன்பே வாய் முந்திக்கொண்டது. "இவங்கள்லாம் என்ன பேசுறாங்க சார்?" என்று கேட்டுவிட்டேன். கதிரையில் இருந்தவர் நிமிராமலே சொன்னார்: "அதை நான் இன்னும் முடிவு பண்ணல." அவர்தான் ஆசிரியர். இந்த மனிதர்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிடமே எனக்குத் தோன்றியது.

மற்ற இடங்களில் முதலில் உரையாடலை எழுதுவார்கள், அதற்குப் பிறகு படம் வரைவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவரிடம் எல்லாம் தலைகீழ். கதையை வாயால் சொல்வார். யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று கையை ஆட்டிக் காட்டுவார். நான் முழு இதழையும் வரைந்து முடித்துக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய தாளில் தன் அழகான கையெழுத்தில் பேச்சுகளை எழுதி, கத்தரித்து, பலூன்களுக்குள் கூழ்ப்பசையால் ஒட்டுவார். கணினி எழுத்தெல்லாம் வந்து எவ்வளவோ காலமான பிறகும் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "முகத்தைப் பார்த்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்" என்பார். கேட்க அழகாகத்தான் இருந்தது. என் புத்தி வேறு மாதிரி. படம் வரைகிறவளுக்குக் கதையின் முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் காவல்காரரின் மகள் நான். காற்றில் கதவு ஆடினாலும் யார் தொட்டது என்று கேட்கிற வீடு எங்களுடையது. அப்பா சோறு சாப்பிடும்போதுகூட சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். பள்ளிக்கூடம் முடித்து, படம் வரையத் தெரியும் என்ற ஒரே தைரியத்தில் பஸ் ஏறி, பேராதனையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கண்டிக்குப் போய் வேலை கேட்ட பெண்ணுக்கு அந்தப் புத்தியைத் தவிர வேறு காவல் இருக்கவும் இல்லை.

நான் வரைந்த நாயகியின் பெயர் பூங்கோதை. தோட்டத்தில் தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்போம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாதான் அவள். எந்த வீட்டில் எதை ஒளித்து வைத்தாலும் அந்த வீட்டுப் பிள்ளை பால் குடிக்கும்போது உளறிவிடும். அதை வைத்து அவள் களவையும் சூதையும் கண்டுபிடிப்பாள். யோசனை ஆசிரியருடையது, முகம் என்னுடையது. முதல் இதழ் வந்ததும் தோட்டம் தோட்டமாகப் பிய்த்துக்கொண்டு போனது. வரிசை வீடாக இருக்கும் எங்கள் லயத்துப் பெண்கள் என்னைக் கண்டால், "அடுத்த மாசம் யாரைப் பிடிக்கப் போறா?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் ஒருத்தியும் நம்ப மாட்டாள்.

ஆசிரியருக்கு வாசகர்கள் சந்தோஷமாக இருந்தால் பொறுக்காது. பூங்கோதையின் இடுப்புவரை தொங்கும் பின்னலுக்கு ஊரே மயங்கிக் கிடந்தபோது, கோயில் நேர்த்திக்கடன் என்று சொல்லி அவளுக்கு மொட்டை போட வைத்தார். வசவுகள் மூட்டையாக வந்தன. கறுப்பு மையை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று நான் சந்தேகப்பட்டேன். இன்னொரு மாதம், கதையின் கடைசிப் பக்கத்தை வெறுமையாக அச்சிட்டு, திருடன் யாரென்று வாசகர்களே வரைந்துகொள்ளட்டும் என்றார். இவருக்கே முடிவு தோன்றவில்லை, நம் காதில் பூச்சுற்றுகிறார் என்று பட்டது. பிள்ளைகள் உயிராக நேசித்த ஒற்றைக் கண் நாயைக் கதையில் சாகடித்தபோது, பதுளையிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்து மேசையில் அடித்துக் கேட்டார். ஆசிரியர் அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, "அழுதீங்களா?" என்றார். அந்த மனிதர் ஆமாம் என்று தலையாட்டினார். "அப்ப சரியாத்தான் பண்ணியிருக்கேன்" என்று இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ரசித்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த அறையில் இருந்த காலத்தைப்போல் சந்தோஷமாக நான் வேறெங்கும் வேலை செய்ததில்லை.

இனி தகரத்தின் கதை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு பெருங்காற்று எங்கள் லயத்துக் கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. நிவாரணமாகப் புதுக் கூரைத் தகரங்கள் வந்து ஸ்டோரில் அடுக்கப்பட்டன. சாவி அப்பாவிடம் இருந்தது. ஒரு விடியற்காலையில், பனிமூட்டத்துக்குள், தொழிற்சங்கத் தலைவர் லொறியோடு வந்து ஸ்டோரைத் திறக்கச் சொன்னார். தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்கு அவசரம், தோட்டத்தை நடத்தும் துரைக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். அப்பா திறந்தார். அந்தத் தகரங்கள் எந்த டிவிசனுக்கும் போய்ச் சேரவில்லை. விசாரணையில் அப்பா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். தலைவரோ, தான் அந்தப் பக்கமே வரவில்லை, காவல்காரன் தூங்கியிருப்பான், இல்லாவிட்டால் அவனே விற்றிருப்பான் என்றார். எதுவும் நிரூபணமாகவில்லை. அப்பாவை ஸ்டோரிலிருந்து எடுத்து மரக்கறித் தோட்டத்துக்குக் காவல் போட்டார்கள். யாரும் முகத்துக்கு நேரே அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் மழை ஒழுகுகிற வீடுகளில் பேச்சு எங்கள் பக்கம் திரும்பும் என்பது எங்களுக்குத் தெரியும். அப்பா அதற்குப் பிறகு யாரிடமும் சாவி வாங்கவில்லை, எங்கள் வீட்டுச் சாவியைக்கூட.

இதை நான்தான் ஆசிரியரிடம் ஒரு கதையாகச் சொன்னேன், யாருடைய கதை என்று சொல்லாமல். அவருக்குக் கண் மின்னியது. பூங்கோதை தகரம் திருடிய தலைவரைக் கண்டுபிடிப்பதாகவும், எல்லாவற்றையும் பார்த்த காவல்காரர் கடைசியில் சாட்சி சொல்வதாகவும் பேசி முடித்தோம். கூட்டம் வரைய வேண்டியிருந்தால் நான் எப்போதும் எங்கள் லயத்து முகங்களைத்தான் இரவல் வாங்குவேன். படம் போடுகிற எல்லாரும் செய்வதுதான். காவல்காரருக்கு அப்பாவின் முகத்தைக் கொடுத்தேன். அந்த ஒட்டிய கன்னம், இடது புருவத்துத் தழும்பு, எல்லாவற்றையும் ஆசைதீர வரைந்தேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் பூங்கோதை கையை நீட்டி அவரைக் காட்டுகிறாள். கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. அவர் நெஞ்சில் கைவைத்து வாய் திறக்கிறார். பக்கத்தில் தலைவருக்கு வியர்க்கிறது. கடைசிக் கட்டத்தில் ஒருவர் பொலிஸ் ஜீப்பில் ஏறுகிறார். "முதுகு மட்டும் தெரியட்டும், முகம் வேணாம்" என்று ஆசிரியர் சொன்னார். எவ்வளவு நயமான யோசனை என்று அப்போது நினைத்தேன்.

அந்த இதழ் வரப்போகிறது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். அவரை அப்படிப் பேச்சுக்காரராக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கலஹா பஸ் ஸ்டாண்டில் கட்டுப் பிரிக்கும்வரை நின்று ஒரு பிரதி வாங்கி, மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். வாசலில் உட்கார்ந்து விரலை வைத்து வாசித்தார், சுற்றிலும் ஏழெட்டுப் பேர் குனிந்து நின்றார்கள். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் விரல் நின்றது. பூங்கோதையின் பலூனில், "சாவி யார் கையில இருந்துச்சோ அவர்தான் திருடன்" என்று இருந்தது. தலைவரின் பலூனில், "நான் அப்பவே சொன்னேனே!" அப்பாவின் முகத்துக்கு மேலே இருந்த பலூனில் இரண்டே வார்த்தை: "நான்தான் எடுத்தேன்." படத்தில் ஒரு கோடு மாறவில்லை. நான் போட்ட அதே கை, அதே வாய். ஜீப்பில் ஏறுகிற முதுகும் இப்போது அப்பாவின் முதுகாகிவிட்டது.

குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அப்பா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உனக்கும் அப்படித்தான் தோணுச்சா புள்ள?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதவில்லை, எனக்குத் தெரியாது என்று அழுதேன். தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரமே பிள்ளைகள் அவரைக் கண்டால் "தகரம், தகரம்" என்று கத்திவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போவதை நிறுத்தினார். திருவிழாவில் காவடிக்கு முன்னால் போகிறவர், அந்த வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார். விசாரணை பண்ணியவர்களால் செய்ய முடியாததை நான் வரைந்த படம் செய்து முடித்தது.

கந்தோர்ப் படியேறிப் போய் ஆசிரியரைக் கேட்டேன். அவர் பதறவில்லை. "தலைவர்தான் திருடன்னு முதல் பக்கத்திலேயே எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச திருடனைப் பிடிக்கிறதுக்குப் பூங்கோதை எதுக்கு? யாருமே சந்தேகப்படாத ஆளு எடுத்திருக்கணும். அதுதான் கதை" என்றார். யாரும் சந்தேகப்படாத ஆளா? எங்கள் அப்பாவா? எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அது அப்பாவின் முகம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரும், அதோடு நானும் அடங்கிப்போவேன் என்ற பயம் இருந்தது. "தலைவர் இங்க வந்தாரா சார்?" என்று மட்டும் கேட்டேன். "இங்க எல்லாரும்தான் வர்றாங்க" என்றார்.

வந்திருக்கிறார். கீழே புடவைக் கடைக்காரர் அவருடைய வாகனத்தை வாசலில் பார்த்ததாகச் சொன்னார். என்றைக்கு என்று கேட்டால் அவருக்கு ஞாபகமில்லை. நான் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். முதுகு மட்டும் தெரியட்டும் என்று முதலிலேயே சொன்னவருக்கு, முடிவை மாற்றும் எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. அப்படியென்றால் இது அவருடைய வழக்கமான விளையாட்டு, மொட்டையைப் போல, நாயைப் போல. இல்லை, தலைவர் அதற்கும் முன்பே வந்துவிட்டுப் போனாரா? வந்து மிரட்டினாரா, கெஞ்சினாரா, அல்லது சும்மா ஒரு பிளேன்டீ குடித்தாரா? அந்த மழைக்காலத்தில் கந்தோரின் ஒழுகல் கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். கட்டுகஸ்தோட்டையில் வாங்கியது என்று ஆசிரியர் சொன்னார். இருக்கலாம். நான் மேசையில் குனிந்து வரையும்போதெல்லாம் அந்தத் தகரம் என் பிடரியில் உட்கார்ந்திருந்தது. இரண்டு இதழ்களுக்குமேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. பூங்கோதையை வேறு யாரோ வரைந்தார்கள், பிறகு இதழும் நின்றுபோனது.

நான் படித்து முடித்து, இப்போது கலகெதரப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை. பழைய சித்திரக்கதைகளுக்கு இப்போது தொலைபேசிகளில் ரசிகர் கூட்டம் இருக்கிறது. அதிலும் தகரக் கதையின் முடிவைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். எங்கள் மொழியில் இப்படியொரு திருப்பம் வந்ததே இல்லையாம். சென்ற மாதம் ஒரு பதிப்பாளர் அழைத்தார். கெட்டி அட்டையில் புதுப் பதிப்பு போடப் போவதாகவும், ஒரு சிக்கலுக்கு நான்தான் வர வேண்டும் என்றும் சொன்னார். மூலப் பக்கங்கள் ஆசிரியர் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. ஆனால் கண்டி ஈரத்தில் பசை விட்டு, பூச்சி அரித்து, ஒட்டியிருந்த பேச்சுகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. ஆசிரியருக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டது. ஒரு வார்த்தை மறக்காமல் அத்தனையையும் சொல்கிறார், எழுதத்தான் ஆள் வேண்டும். அவளைக் கூப்பிடு என்று என் பெயரை அவரே சொன்னாராம். ஏன் என்னை? பதிப்பாளருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவாவது போக வேண்டும் என்று போனேன்.

மெலிந்திருந்தார். கண்கள் என் தோளுக்குமேல் எங்கோ பார்த்தன. சுகம் விசாரித்துவிட்டு உடனே வேலைக்கு வந்தார். "ஒரு எழுத்து மாறக்கூடாது" என்றார். நான் பக்கத்தை விரித்து, தொட்டு எழுதும் பேனாவை மையில் நனைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது அவருக்கு, பிள்ளைகளின் மழலைகூட. கேட்கக் கேட்க எனக்கே சிரிப்பு வந்தது. இந்த மனிதரை வெறுப்பதற்காக நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். பிறகு கடைசிக்கு முந்தைய பக்கம் வந்தது. நெஞ்சில் கைவைத்து அப்பா வாய் திறந்து நின்றார், முகத்துக்குமேல் வெறும் பலூன்.

"பூங்கோதை சொல்றா: சாவி யார் கையில இருந்துச்சோ அவர்தான் திருடன்."

"எல்லாத்தையும் பார்த்தவர் இந்தா நிக்கிறாரு" என்று எழுதினேன்.

"தலைவர்: நான் அப்பவே சொன்னேனே!"

"பொய்! இவன் தூங்கிட்டான்!" என்று எழுதினேன். விசாரணையில் அந்த மனிதர் சொன்னது அதுதான்.

"காவல்காரர்: நான்தான் எடுத்தேன்."

அப்பா அன்றைக்குத் துரை முன்னால் சொன்னதை நான் அம்மாவின் வாயாலும் அப்பாவின் வாயாலும் அவ்வளவு தடவை கேட்டிருக்கிறேன். யோசிக்கவே தேவைப்படவில்லை. விடியக்காலை லொறி வந்துச்சு. முன் சீட்டுல தலைவர் இருந்தாரு. தகரத்தை ஏத்துனாங்க. நான் பாத்தேன். பேனா தாளில் கீறிக்கொண்டே போனது. மின்விசிறியும் இல்லாத அந்த அறையில் அது ஒன்றுதான் சத்தம். இரண்டு வார்த்தை எழுத வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது என்பது எனக்கு உறைத்தபோது ஆசிரியர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் பலூன் நிரப்பியவர். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கீறல் என்று அவருக்குத் தெரியாதா?

"அங்க அவ்வளவு நேரம் எழுதுறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

"மை காஞ்சிருச்சு சார்."

இதுவரை அவரை நான் சந்தேகப்பட்டேன், இப்போது அவர் முறை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தைப் பிடுங்குவார், பதிப்பாளரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். கொடுக்கக் கூடாது என்று தாளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க அப்பாவுக்குக் கண்ணு இப்ப எப்படி?" என்று கேட்டார்.

இந்தப் பலூனில் வைத்து அப்பாவை ஏன் கேட்கிறார்? அந்த முகம் யாருடையது என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. மழைக்கு ஒருநாள் குடை கொடுக்க அப்பா கந்தோர்ப் படியேறி வந்திருக்கிறார், அப்போது பார்த்து வைத்துக்கொண்டாரா? தலைவர் வந்து சொல்லிவிட்டுப் போனாரா? முன்பே தெரியுமா, அச்சான பிறகா? தெரிந்தே எழுதினாரென்றால் இந்த மனிதரை நான் என்ன செய்வது? ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளையாக அதை அவரால் பார்க்க முடியாது.

"கிட்ட வச்சு வாசிப்பாரு சார். எழுத்து பெருசா இருந்தா."

"அப்ப பெருசா எழுது" என்றார். "பலூன் பத்தலைன்னா பின்னால சுவரைக் கொஞ்சம் அழிச்சுக்க."

வெள்ளையைத் தடவிச் சுவரை அழித்தேன். பலூனைப் பெரிதாகப் போட்டு, அப்பா பார்த்ததை அப்பா சொன்னபடியே திரும்ப எழுதினேன்.